வீவக வீட்டுச் சமையலறையில் முதல் பத்து லிட்டர் பீர்

முதல் முறை காய்ச்சிய இருபது லிட்டர் பீரையும் கழிவறையில் கொட்டினேன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. அரை கிளாஸ் குடித்த நண்பனுக்கு மறுநாள் மதியம் வரை தலைவலி. இரண்டாம் முறை காய்ச்சியது குடிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் மூன்று பாட்டில் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. மூன்றாம் முறைதான் உருப்படியாக வந்தது.

இரண்டாம் தவறு என் அவசரத்தால் வந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் தவறுக்குக் காரணம் வேறு. நான் படித்த குறிப்புகளெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று எழுதினால் அது 20 பாகை. சிங்கப்பூரில் என் வீட்டுச் சமையலறை பகலில் 31 பாகை. அந்தப் பதினொரு பாகைதான் என் இருபது லிட்டரைக் கெடுத்தது.

நீங்கள் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறீர்கள், சாதாரண காஸ் அடுப்புதான் இருக்கிறது, பீருக்கென்று தனிக் குளிர்பெட்டி வாங்க இடமோ மனமோ இல்லை என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு.

1. சட்டமும் காகிதமும்

உரிமம் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், பதிவு வேண்டாம். ஆனால் சுங்கத்துறையின் நிபந்தனைகள் உண்டு. காய்ச்சுபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் உச்சவரம்பு. சொந்த வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். விற்கக் கூடாது. பீர், வைன், சைடர் போல நொதிக்கவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து வடித்தால் அது வேறு விவகாரம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பலர் சறுக்குவது 'விற்கக் கூடாது' என்ற இடத்தில். நண்பர்கள் வருவார்கள், 'செலவுக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளி போடுகிறோம்' என்பார்கள். வாங்காதீர்கள். பிறந்தநாளுக்கு இரண்டு பாட்டில் இனாமாகக் கொடுப்பது வேறு, காசு கைமாறுவது வேறு.

30 லிட்டர் என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தாலும் அதே 30 தான். ஒரு நோட்டில் தேதியும் அளவும் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம். அதைவிட, பீர் நன்றாக வந்தால் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சும் அன்று வீடு முழுக்க ஹார்லிக்ஸ் மணம் அடிக்கும், மறைக்க முடியாது. வேலையாட்கள் விடுதியில் இருப்பவர்களுக்கு இது சரிவராது.

இன்னொன்று. இங்கே பழகிய கை ஊருக்குப் போனால் சும்மா இருக்காது. தமிழ்நாட்டில் இதைச் செய்யாதீர்கள். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அங்கே நடப்பில் இருக்கிறது, வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும்.

மூடி, அடியில் குழாய், ஏர்லாக் (வெளிக்காற்றை விடாமல் உள்ளிருக்கும் வாயுவை மட்டும் வெளியேற்றும் அடைப்பு) எல்லாம் சேர்ந்த பிளாஸ்டிக் வாளிக்கு 38 வெள்ளி. பத்து லிட்டருக்கு 15 லிட்டர் வாளி போதும், நுரைக்கு இடம் வேண்டுமே. ஹைட்ரோமீட்டரும் (எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் மிதவைக் கருவி) அதற்கான நீளக் குடுவையும் 22. கழுவ வேண்டாத கிருமிநீக்கி, சின்ன பாட்டில், 16. பாட்டில் மூடி அழுத்தும் கருவியும் நூறு மூடியும் 30. வெப்பமானி 12. பாட்டில் நிரப்பும் குச்சிக்குழாய் 10. மொத்தம் 128 வெள்ளி. இது ஒரு தடவை செலவு. கிராம் காட்டும் சமையல் தராசு வீட்டில் இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாத்திரம் வாங்காதீர்கள். பிரியாணி அண்டா இருக்கிறதல்லவா? பத்து லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் அண்டா போதும். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது, பீரின் நுரையை எண்ணெய் கொன்றுவிடும்.

ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியவை: உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.2 கிலோ, கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் உலர்ந்த பூ) 40 கிராம், வோஸ் க்வைக் என்ற ஈஸ்ட் ஒரு பொட்டலம் (11 கிராம்). எனக்கு 36 வெள்ளி ஆனது. 633 மில்லி பெரிய பாட்டிலில் பதினைந்து கிடைத்தது, அதாவது பாட்டில் 2 வெள்ளி 40 காசு. காப்பிக்கடை விலையோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனாலும் காசு மிச்சம் பிடிப்பதற்காக இதில் இறங்காதீர்கள். மூன்றாம் மாதமே இன்னொரு வாளி, இன்னொரு ரக ஹாப்ஸ் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சாற்றை உலர்த்திய பொடி. பார்லியை நேரடியாக வாங்கி ஊறவைத்துச் சாறு எடுக்கும் முறையும் உண்டு. அதை நாலைந்து தடவைக்குப் பிறகு யோசிக்கலாம். பொட்டலத்தைப் பிரித்ததும் முழுதாகப் பயன்படுத்திவிடுங்கள், நம் ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் பாறையாக இறுகிவிடும். ஹாப்ஸ் உறைபெட்டியில் இருக்கட்டும். வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் அதன் வாய்க்கு எட்டக் கூடாது, காய்ச்சி எடுத்த சக்கைகூட. நாய்களுக்கு அது உயிர்கொல்லி.

பாட்டில்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். பழுப்பு நிறமாக, திருகாமல் திறப்பானால் திறக்கும் மூடி உள்ளதாக இருக்க வேண்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு வாடை அடிக்கும்.

3. நாட்களைக் கணக்குப் போடுங்கள்

மொத்தம் நாலு வாரம். காய்ச்சும் நாளில் நாலு மணி நேரம் முழுசாகப் போகும். அப்புறம் வாளியில் பத்து முதல் பதினாலு நாள். பாட்டிலில் அடைக்க இரண்டு மணி நேரம், அதன்பின் பாட்டிலுக்குள் இன்னொரு பத்துப் பன்னிரண்டு நாள், குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஐந்து வாரம் முன்னதாகக் காய்ச்சுங்கள். அந்த ஒரு வாரம் ஏதாவது சொதப்பினால் ஈடுகட்ட.

பயணம் போகும் வாரத்துக்கு முந்திய நாள் காய்ச்சலாமா என்றால், தாராளமாக. வாளியில் நாலு நாள் கூட இருந்தால் பீர் கெடாது. அவசரப்பட்டு நாலு நாள் முன்னதாக எடுத்தால்தான் வினை.

4. கழுவுவதுதான் பாதி வேலை

இட்லி மாவு புளிக்க நாம் எதையும் போடுவதில்லை, கையிலும் காற்றிலும் உளுந்திலும் இருப்பதே வேலையைச் செய்துவிடும். பீருக்கு அது நேர்மாறு. நாம் போடும் ஈஸ்ட்டைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. மாவு கரைத்த கையோடு வாளியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவுவது. வாசனையில்லாத சோப்பு, மென்மையான துணி போதும். இரும்பு நார் போட்டு பிளாஸ்டிக் வாளியைத் தேய்த்தால் கீறல் விழும், கீறலுக்குள் கிருமி குடியேறும், அந்த வாளி அத்தோடு போச்சு. இரண்டு, கிருமிநீக்கியில் நனைப்பது. நான் பயன்படுத்துவது அமில வகை, லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி. ஐந்து லிட்டர் கலந்து வாளி, மூடி, குழாய், கரண்டி, வெப்பமானி, கத்தரிக்கோல் வரை எல்லாவற்றையும் இரண்டு நிமிடம் நனைத்து வடியவிடுங்கள். நுரை ஒட்டிக்கொண்டிருக்கும், அது இருக்கட்டும். அதைப் பார்த்துப் பயந்து குழாய்த் தண்ணீரில் மறுபடி அலசினால் செய்த வேலையே வீண்.

துணி வெளுக்கும் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் மிச்சம் இருந்தால் பீர் பேண்டெய்ட் பிளாஸ்திரி போல நாறும்.

5. தண்ணீர்

அதே பிளாஸ்திரி வாடை குழாய்த் தண்ணீரிலிருந்தும் வரலாம். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர் நேராகக் குடிக்கத் தகுந்ததுதான், ஆனால் அதில் குளோரமைன் சேர்க்கிறார்கள். குளோரின் கொதித்தால் பறந்துவிடும், குளோரமைன் அவ்வளவு சுலபத்தில் போகாது. கேம்ப்டன் மாத்திரை என்று கடையில் விற்பார்கள். ஒரு மாத்திரை எழுபது, எழுபத்தைந்து லிட்டருக்குப் போதும். நமக்கு வேண்டிய 12 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துக் கலந்து ஐந்து நிமிடம் வைத்தால் வேலை முடிந்தது.

அந்தத் தண்ணீரில் ஐந்து லிட்டரை முந்தின நாளே கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான பாட்டில்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இதை மறந்தால் நாளைக்குக் கஷாயத்தை, அதாவது காய்ச்சிய மால்ட் சாற்றை, ஆறவைக்க வழியில்லை.

6. காய்ச்சும் நாள்

மீதித் தண்ணீரில் ஆறரை லிட்டரை அண்டாவில் சூடாக்குங்கள். ஆவி பறக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு 600 கிராம் மால்ட் பொடியைக் கொட்டிக் கலக்குங்கள். அடுப்பை அணைப்பது முக்கியம், எரிய எரியக் கொட்டினால் பொடி அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கட்டி கரைந்தபின் மறுபடி பற்றவையுங்கள்.

இப்போது அண்டாவை விட்டு நகராதீர்கள். பால் பொங்குவது போலப் பொங்கும், ஆனால் பாலைவிட வேகமாக, பசைபோல ஒட்டும். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரைக் கையில் வைத்திருங்கள், எழும்பும்போது தெளித்தால் அடங்கும். ஐந்து நிமிடத்தில் அந்த நுரை தானாக உடையும். அங்கிருந்து ஒரு மணி நேரக் கணக்கைத் தொடங்குங்கள்.

தொடக்கத்தில் 15 கிராம் ஹாப்ஸ். இது கசப்புக்கு. ஐம்பதாவது நிமிடத்தில் 10 கிராம், கூடவே மீதி 600 கிராம் மால்ட் பொடி, மறுபடியும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான். அறுபதாவது நிமிடத்தில் அடுப்பை நிறுத்திவிட்டுக் கடைசி 15 கிராம் ஹாப்ஸ். இது மணத்துக்கு. மால்ட்டை இரண்டாகப் பிரித்துப் போடுவதால் நிறம் கறுக்காது, கசப்பும் நன்றாக இறங்கும்.

அண்டாவை மூடாதீர்கள். சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

7. ஆறவைத்து ஈஸ்ட் போடுவது

குளிர்நாட்டுக் குறிப்பில் 'குழாய்த் தண்ணீரில் அண்டாவை வைத்தால் 20 பாகைக்கு ஆறிவிடும்' என்றிருக்கும். இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. கழுவுதொட்டியில் தண்ணீரோடு இரண்டு பை ஐஸ் கொட்டி அதில் அண்டாவை இறக்குங்கள். இனி சூடு காப்பாற்றாது, அதனால் கஷாயத்தைத் தொடும் எல்லாம் கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்குள் 50, 55 பாகைக்கு இறங்கும். அதை வாளியில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்த ஐந்து லிட்டரையும் சேருங்கள். சேர்ந்து முப்பதையொட்டி நிற்கும். அடியில் தங்கிய ஹாப்ஸ் மண்டியில் கொஞ்சம் உள்ளே போனால் பரவாயில்லை. வாளி பத்தரை லிட்டர் காட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு குடுவை எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். 1.040க்கும் 1.045க்கும் இடையில் வரும். பெரும்பாலான கருவிகள் 20 பாகைக்கு அளவு போட்டவை. உங்கள் கஷாயம் 30 பாகையில் இருந்தால் இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள், 1.041 என்று காட்டினால் 1.043. நோட்டில் எழுதுங்கள். அளந்ததை வாளியில் திருப்பி ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். கசப்பு ஹார்லிக்ஸ்.

வாளியை மூடி இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். குலுக்க வேண்டிய ஒரே நேரம் இதுதான். பிறகு ஈஸ்ட்டை மேலே தூவுங்கள்.

ஈஸ்ட்டைப் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும், என் முதல் இருபது லிட்டர் போனது இதனால்தான். மால்ட் டப்பாவின் மூடிக்கடியில் ஒரு பொட்டலம் வந்தது. கடையில் கேட்டேன், 'அதையே போடுங்க, ஒண்ணும் ஆகாது' என்றார்கள். அது 18, 20 பாகையில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்ட். 31 பாகையில் வெறிபிடித்தது போல நொதித்தது. நொதிக்கும்போது கஷாயமே சூட்டைக் கக்கும், அறையைவிட இரண்டு மூன்று பாகை அதிகமாகிவிடும். அந்தச் சூட்டில் தொண்டையை எரிக்கும் முரட்டு ஆல்கஹால்கள் உண்டாகிவிட்டன. ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன், விசிறி வைத்தேன், குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு வாளியோடு படுத்தேன். வெப்பத்தோடு சண்டை போடுவது வீண். வெப்பத்தை விரும்பும் ஈஸ்ட்டை வாங்குவதே வழி. நார்வே பண்ணைவீடுகளிலிருந்து வந்த க்வைக் வகை அப்படிப்பட்டது. வோஸ் ரகத்துக்கு 35, 40 பாகைதான் உகந்த சூடு, நம் வீட்டு 30 அதற்குக் கொஞ்சம் குளிர்கூட. லேசாக ஆரஞ்சுத் தோல் மணம் கொடுக்கும், கேஸ்கேட் ஹாப்ஸோடு நன்றாகச் சேரும்.

வெளிர்நிற லாகர் பீர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். அதற்கு 10, 12 பாகையில் வாரக்கணக்காக வைக்க வேண்டும். தனிக் குளிர்பெட்டி இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள்.

8. வாளியைத் தொடாமல் இருப்பது

வெயில் படாத மூலையில் வையுங்கள். கரியமில வாயு நிறைய வெளியேறும், அதனால் கதவை இறுக்கி அடைக்கும் சின்ன அறை கூடாது. வீவக வீட்டின் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சின்போது ஒதுங்கக் கட்டிய இரும்புக் கதவு அறை) இதற்கு ஏற்றதல்ல, அதன் கதவைத் திறந்தே வைப்பீர்கள் என்றால் மட்டும் சரி.

சில மணி நேரத்தில் ஏர்லாக்கில் குமிழி கிளம்பும். மூன்று நாலு நாளில் நின்றுவிடும். நின்றதும் முடிந்தது என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். குமிழி எதற்கும் அத்தாட்சி இல்லை, மூடி சரியாக இறுகாவிட்டால் முதல் நாளிலிருந்தே வராது. ஹைட்ரோமீட்டர் சொல்வதுதான் கணக்கு. ஏழாம் நாள் ஒன்று, பத்தாம் நாள் ஒன்று, குழாய்வழியாக எடுத்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே எண், அதுவும் 1.010 அருகில் என்றால் முடிந்தது. 1.020இல் நின்றால் இன்னும் சில நாள் காத்திருங்கள்.

ஆல்கஹால் எவ்வளவு என்று பார்க்க முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்குங்கள். 1.044, 1.010 என்றால் 0.034 பெருக்கல் 131, ஏறக்குறைய நாலரை விழுக்காடு.

9. பாட்டிலில் அடைப்பது

பீரில் குமிழி வருவது பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தலால். பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை, மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும், வாயு வெளியேற வழியில்லாமல் பீரில் கரையும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் உயிர் இருக்கிறது. லிட்டருக்கு ஆறரை கிராம். 633 மில்லி பாட்டிலுக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை. தராசில் நிறுத்துப் போடுங்கள். டீஸ்பூன் என்றால் தலைதட்டி ஒன்று. நான் குவித்துப் போட்டேன், அதுவும் நொதித்து முடியாத பீரில். எட்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு பாம் ஷெல்டருக்குள் முதல் பாட்டில் வெடித்தது, பக்கத்தில் இருந்த இரண்டும் சேர்ந்து போயின. பெயருக்கேற்ற அறை என்று இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அந்த இரும்புக் கதவு மட்டும் இல்லாதிருந்தால் கண்ணாடிச் சில் கூடம் வரை வந்திருக்கும்.

பாட்டில்களைக் கிருமிநீக்கியில் அலசி, சர்க்கரை போட்டு, குச்சிக்குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டுச் சலசலக்காமல் நிரப்புங்கள். இப்போது காற்று எதிரி. மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு மூடியை அழுத்துங்கள். வாளியின் அடியில் உள்ள மண்டி வரத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் 500 மில்லி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள், 3 கிராம் சர்க்கரையோடு. தினமும் அதை அமுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி இறுகிவிட்டால் கண்ணாடிப் பாட்டில்களும் தயார். ஒரு வாரத்துக்குள்ளேயே பாட்டில் உப்பி வடிவம் மாறினால் எல்லாவற்றையும் உடனே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

பாட்டில்களை இருட்டான இடத்தில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். இப்போது பாம் ஷெல்டர் சரியான இடம்.

10. திறப்பது

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு பாட்டிலை நிமிர்த்தியபடியே குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாள் விட்டுத் திறங்கள். அதற்கு முன் திறந்தால் வாயு பீரில் கரைந்திருக்காது, நுரையாகப் பொங்கிப் போய்விடும். கழுவுதொட்டி மேல் வைத்துத் திறப்பது நல்லது.

சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள், அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். அது ஈஸ்ட் மண்டி, குடித்தால் ஆபத்தில்லை, வயிறு மட்டும் கடமுடா என்னும். பச்சை ஆப்பிள் சுவை வந்தால் பீர் இன்னும் பிஞ்சு, மீதியை ஒரு வாரம் விட்டுவையுங்கள். புளித்த மோர் போல இருந்தால் கிருமி புகுந்துவிட்டது, வாளியின் குழாயைக் கழற்றிப் பாருங்கள், என் வாளியில் அழுக்கு அங்கேதான் ஒளிந்திருந்தது.

காலி பாட்டிலைக் குடித்த கையோடு வெந்நீர் விட்டு மூன்று முறை அலசிக் கவிழ்த்துவிடுங்கள். மறுநாள் காலை என்று விட்டால் மண்டி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தத் தூரிகையும் அதை எடுக்காது.